வேறு வணிகப்பெயரில் விற்கப்படும் வானொலிக் கருவிகள்: விவரச்சீட்டும் பொறுப்பும்

(கிளென் ஈடன் தமிழ்ச் சமூகத்தினர்க்கு ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



கிளென் ஈடனுக்கு மேற்கே வைட்டாக்கரே மலைத்தொடர் எழுகின்றது. அத்தொடரில் வையட்டருவா என்னும் இடத்தில் நிற்கும் கோபுரத்திலிருந்துதான் ஆக்லாந்தின் பெரும்பகுதிக்குத் தொலைக்காட்சி அலைகள் வந்து சேர்கின்றன. 2013 திசம்பர் 1 அன்று ஆக்லாந்தில் பழைய ஒப்புமைமுறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. எண்ணிமமுறை ஒளிபரப்பு மட்டும் எஞ்சியது. அதனால் 700 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைப் பட்டை காலியாயிற்று. அரசு அதனை ஏலமிட்டு நான்காம் தலைமுறைக் கைபேசிச் சேவைக்கு வழங்கியது.

அதுவரை அந்தப் பட்டையில் வேறொரு சிறு குடித்தனமும் இருந்தது. கோயில் திருவிழா, பரதநாட்டிய அரங்கேற்றம், பொங்கல் விழா, பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றில் கையிலேந்திப் பேசும் கம்பியில்லா ஒலிவாங்கிகள், தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு இடையே கிடந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தி வந்தன. 2015 மார்ச்சு மாதத்தோடு அவை அப்பட்டையை விட்டு வெளியேற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒலிவாங்கி ஒரே நாளில் பயன்படுத்தத் தகாத பொருளாகிவிட்டது. கருவியில் எப்பழுதும் இல்லை. அதன் அதிர்வெண்ணுக்குரிய இடத்தில் வேறொருவர் குடியேறிவிட்டார், அவ்வளவே.

அந்தப் பழைய பட்டையில் இயங்கும் ஒலிவாங்கிகள் வெளிநாட்டு இணைய அங்காடிகளில் இன்றும் கிடைக்கின்றன. பற்பல பெயர்களில், பற்பல பெட்டிகளில் கிடைக்கின்றன. பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரைக் கொண்டு உள்ளிருப்பது எது என்று அறிய முடியாது. இன்றைய உரையின் பொருள் இதுவே: சோதித்துச் சான்று பெற்ற ஒரு வானொலிக் கருவியை வேறொருவர் தம் வணிகப்பெயரில் விற்கும்போது, அதன்மேல் எந்தக் குறி இருக்க வேண்டும், அக்குறிக்குப் பின்னால் யார் நிற்க வேண்டும்.

வானொலிக் கருவி என்றதும் பாட்டுக் கேட்கும் பெட்டி மட்டுமே நினைவுக்கு வரக்கூடும். சட்டத்தின் நோக்கில் இச்சொல் மிக விரிவானது. குழந்தையின் அழுகையை மறு அறைக்குக் கொண்டுசெல்லும் கண்காணிப்புக் கருவி, கம்பியில்லாத் தொலைபேசி, கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட், வாசல் மணி, வைஃபை பெட்டி, புளூடூத் ஒலிபெருக்கி, வாக்கி டாக்கி எல்லாம் அலைகளை அனுப்புவனவே. ஒரு சாதாரண வீட்டில் இத்தகையவை பத்துக்குக் குறையாமல் இருக்கும்.

இவற்றுள் பெரும்பாலானவை ஒரு தொழிற்சாலையில் உருவாகிப் பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. இதில் புதுமை ஏதுமில்லை. சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தை அறிந்தவர்க்குத் தீப்பெட்டியின் கதை தெரியும். உள்ளே இருக்கும் குச்சி ஒன்றே. மேலே ஒட்டும் முகப்புச்சீட்டில் மயில், மான், கப்பல், தேர் என ஊருக்கொரு படம் மாறும். வாங்குபவர் தமக்குப் பழகிய படத்தைப் பார்த்து வாங்குவார். தீக்குச்சி பற்றவில்லை என்றால் இழப்பு வாங்கியவரோடு முடிந்துவிடும்.

வானொலிக் கருவியின் நிலை அதுவன்று. பழுதானதோ தகாததோ ஆன ஒரு கருவி, அதை வாங்கியவர்க்கு நன்றாகவே வேலை செய்யும். துன்பம் அடுத்த தெருவில் இருப்பவர்க்கு நேரும். வட அமெரிக்காவில் விற்கப்படும் டெக்ட் 6.0 வகைக் கம்பியில்லாத் தொலைபேசி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவது. நியூசிலாந்தில் 1920க்கு மேற்பட்ட அப்பகுதி, கைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசுவதற்கென ஒதுக்கப்பட்டது. இங்கு அனுமதிக்கப்பட்ட டெக்ட் தொலைபேசிகள் 1880 முதல் 1900 வரை இயங்குபவை. அமெரிக்காவில் வாழும் மகனோ மகளோ அன்போடு வாங்கியனுப்பிய தொலைபேசியைப் பெற்றோர் இங்குச் சுவரில் செருகுகின்றனர். அவர்கள் குரல் தெளிவாகவே கேட்கிறது. அருகிலுள்ள கோபுரத்தின் காதில் மட்டும் இரைச்சல் ஏறுகிறது. அக்கோபுரத்தை நம்பி 111 எண்ணை அழைப்பவரின் அழைப்புக்கும் அதுவே இடர். கருவியின் பின்புறத்தில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் எண் முறையாகவே பொறிக்கப்பட்டிருக்கும். சான்று பொய்யன்று. அது அமெரிக்காவுக்கான சான்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நியூசிலாந்தில் வானொலி அலைகளை ஆள்வது 1989ஆம் ஆண்டின் வானொலித் தொடர்புச் சட்டம். அலைக்கற்றையை விற்கவும் வாங்கவும் கூடிய உரிமையாக ஆக்கிக்காட்டியதில் உலகுக்கே முன்னோடியான சட்டம் அது. அதனைச் செயற்படுத்துவது வணிக, புத்தாக்க, வேலைவாய்ப்பு அமைச்சின்கீழ் உள்ள ‘ரேடியோ ஸ்பெக்ட்ரம் மேனேஜ்மென்ட்’ என்னும் அலைக்கற்றை மேலாண்மைப் பிரிவு. ஆக்லாந்து நகரவைக்கு இவ்விடயத்தில் எவ்வகை அதிகாரமும் இல்லை. நகரவையிடம் முறையிட்டால் முறையீடு அப்பிரிவுக்கே திருப்பப்படும்.

இச்சட்டத்தின்கீழ், கருவியைச் சந்தைக்குக் கொண்டுவரும் முதல் மனிதர் ‘வழங்குநர்’ எனப்படுவார். உள்நாட்டில் செய்தால் செய்தவர். வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதி செய்தவர். அவர்களுக்காகச் செயற்படும் முகவராகவும் இருக்கலாம். கருவி உரிய தரநிலைக்கு இணங்குகிறது என்று வழங்குநர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதற்கு இணக்க உறுதியுரை என்று பெயர். அதனோடு, சோதனை அறிக்கை, கருவியின் விவரம், படங்கள் ஆகியவை அடங்கிய ஒரு கோப்பையும் அவர் பேண வேண்டும். அதிகாரி கேட்கும்போது அக்கோப்பைக் காட்ட வேண்டும். கருவி விளைவிக்கக்கூடிய இடரைப் பொறுத்து இணக்க நிலைகள் மூன்றாக வகுக்கப்பட்டுள்ளன. மிகக் குறைந்த இடருடையவற்றுக்குக் கெடுபிடி குறைவு. மிகுந்த இடருடையவற்றுக்கு ஏற்பளிப்புப் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையே வேண்டும். குறுந்தொலைவுக் கருவிகள் பலவற்றுக்கு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து வெளியிட்ட ஏஎஸ்/என்இசட்எஸ் 4268 என்னும் தரநிலை பொருந்தும்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே குறி இடுவதற்கு உரிமை பிறக்கிறது. குறிகள் இரண்டு. ஒன்று ஆர்சிஎம். இது முக்கோணமும் சரிக்குறியும் வளைகோடும் ஒன்றாய்ப் பிணைந்த வடிவம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செல்லும். முன்பு வழங்கிய சி-டிக், ஏ-டிக் என்னும் குறிகளுக்கு மாற்றாக 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மாறுகாலம் 2016 மார்ச்சோடு முடிந்தது. மற்றொன்று ஆர்-என்இசட் என்னும் எழுத்துக்குறி. நியூசிலாந்தில் மட்டும் விற்கும் பொருளுக்கு இது போதும். குறி மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல், எளிதில் அழியாததாய், கருவியின் வெளிப்புறத்தில் இருத்தல் வேண்டும். கருவி மிகச் சிறியதாயின் பெட்டியிலும் கையேட்டிலும் இடலாம். திரையுள்ள கருவியாயின் திரையில் தோன்றும் மின்னணு விவரச்சீட்டுக்கும் இடமுண்டு.

குறியைப் பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஏதோ ஓர் அரசு ஆய்வாளர் அந்தக் கருவியைக் கையிலெடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தியதாகக் கருதுகின்றனர். அப்படி எவரும் குத்துவதில்லை. வழங்குநர் தாமே தம் பொறுப்பில் இடும் குறி அது. டாஸ்மன் கடலின் இக்கரையிலோ அக்கரையிலோ ஒருவர் ‘இதற்கு விடை சொல்ல யான் கடமைப்பட்டவன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார் என்பதே அதன் பொருள். ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த வேறுபாடு முதலில் பிடிபடாது. கையொப்பமே இல்லாமல் குறியை மட்டும் அச்சடிப்பது தொழிற்சாலைக்கு மிக எளிது. கேட்டால் எந்தக் குறியையும் அச்சடித்துத் தரும். அவ்வாறு அச்சடித்த பொருளை இங்கு விற்பது வானொலித் தொடர்புச் சட்டத்தோடு மட்டும் முடியாது. இல்லாத ஏற்பை உள்ளதுபோல் காட்டுவது 1986ஆம் ஆண்டின் நேர்மை வணிகச் சட்டத்தையும் மீறுவதாகும்.

ஒரு கடைக்காரரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதரே, ஆயினும் மேற்கு ஆக்லாந்தில் இவரைப் போன்றவர் இல்லாமல் இல்லை. கிளென் மால் அருகே மளிகைக் கடை நடத்துகிறார். அரிசி, பருப்பு, கறிவேப்பிலையோடு ஒரு மூலையில் மின்னணுப் பொருள்களும் வைத்திருக்கிறார். விழாக்காலங்களில் கம்பியில்லா ஒலிவாங்கிக்குத் தேவை மிகுந்திருப்பதைக் காண்கிறார். சீனத் தொழிற்சாலை ஒன்று அறுபது சோடிகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும், அவர் விரும்பும் பெயரையே பொறித்துத் தருவதாகவும் கூறுகிறது. அவர் மகளின் பெயரைச் சொல்கிறார். சேமிப்பின் பெரும்பகுதி அந்தச் சரக்கில் இறங்குகிறது. மின்னஞ்சலில் ஐரோப்பியச் சான்று ஒன்றும் வருகிறது. அதில் சிஈ என்னும் குறியும் ஆய்வகத்தின் பெயரும் முத்திரையும் எல்லாம் உண்டு.

அவர் நிலை என்ன? அவரே வழங்குநர். இறக்குமதி செய்தவர் அவர், பெயரும் அவருடையது. சிஈ குறி அவர்க்கு இங்கு நேரடியாக உதவாது. ஆயினும் அச்சான்றுக்குப் பின்னாலுள்ள சோதனை அறிக்கை குப்பைக்குரியதன்று. ஐரோப்பியத் தரநிலைகள் பலவும் இங்கு ஏற்கப்படுவதால், அறிக்கை உரிய தரநிலைப்படி எடுக்கப்பட்டதாயின் அதன்மேல் நின்றே அவர் தம் உறுதியுரையை எழுதலாம். மறுபடி சோதனைக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. சோதனையின் பயன் ஒரு பெயரிலிருந்து மற்றொரு பெயருக்குச் செல்லும். கையொப்பத்தின் பொறுப்பு அவ்வாறு செல்லாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ஏனைய விதிகள் தாமே விளங்கும்.

எனவே, பணம் கட்டுவதற்கு முன் அவர் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். முதற்பக்கத்தை மட்டுமன்று. அறிக்கையில் காணும் மாதிரி எண்ணும் தமக்கு வரவிருக்கும் கருவியின் மாதிரி எண்ணும் ஒன்றா? வேறாயின், ‘இரண்டும் மின்சுற்றில் ஒன்றே, பெயரும் மேற்கூடும் மட்டும் வேறு’ என்று தொழிற்சாலை கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டும். அறிக்கையின் இறுதியில் கருவியைத் திறந்து எடுத்த படங்கள் இருக்கும். வந்திறங்கிய கருவிகளுள் ஒன்றைத் திறந்து ஒப்பிடுவதற்குத் திருகாணி கழற்றி ஒன்றும் பத்து நிமிடமும் போதும். அடுத்து, சோதித்த அதிர்வெண் எது? ஒரே மாதிரி எண்ணில் நாட்டுக்கொரு பதிப்பு வருவது ஒலிவாங்கித் தொழிலில் வழக்கம். ஐரோப்பாவுக்கான பதிப்பைச் சோதித்துவிட்டு, 700 மெகாஹெர்ட்ஸ் பதிப்பை அனுப்பினால் அறிக்கையும் கருவியும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. சோதனையில் வென்ற கருவியாயினும் நியூசிலாந்தில் அந்த அதிர்வெண்ணில் இயக்க அனுமதி இல்லையெனில் அறுபது சோடியும் அலமாரியில் தூங்க வேண்டியதுதான்.

பெயர் மாற்றும் வேளையில் வேறு சிலவும் அரவமின்றி மாறிவிடும் என்பதையும் மறத்தலாகாது. இந்நாட்டு மின்துளைக்கு ஏற்ற புதிய மின்னேற்றி சேர்ப்பார்கள். அழகுக்காக அலைவாங்கியைக் குட்டையாக்குவார்கள். விலை குறைக்க உள்ளிருக்கும் சில்லை மாற்றுவார்கள். இவற்றுள் ஒன்று மாறினாலும் பழைய அறிக்கை அப்படியே செல்லுமா என்பதை மீண்டும் ஆராய வேண்டும். மின்னேற்றிக்கு மின்பாதுகாப்பு விதிகள் தனியே உண்டு. அவற்றைக் கவனிப்பது வொர்க்சேஃப் நிறுவனம்.

மேற்கண்டவை சரியாக அமைந்தால், கடைக்காரர் தம் பெயரில் உறுதியுரை எழுதிக் கோப்பைத் திறந்து, அதன்பின் குறியிடலாம். உறுதியுரையில் மகளின் பெயர் கொண்ட வணிகப்பெயரும் மாதிரி எண்ணும் இடம்பெற வேண்டும். தொழிற்சாலை வைத்த பழைய பெயரை மட்டும் எழுதிவிட்டால் கடையில் இருக்கும் பொருளுக்கும் கோப்பில் இருக்கும் தாளுக்கும் உறவில்லாமல் போகும். சில வகை ஒலிபரப்பிகளை விற்பதற்குத் தனி உரிமமும் தேவைப்படலாம். சரக்கு கப்பலேறுமுன் அலைக்கற்றை மேலாண்மைப் பிரிவிடம் கேட்டறிவதே நலம். கேள்வி கேட்டதற்காக எவரும் தண்டம் விதிப்பதில்லை. கேளாமல் விற்றவர்க்கே தண்டக் குறிப்பாணை வருகிறது.

அதே கடைக்காரர் வேறொரு வழியிலும் செல்லக்கூடும். ஆக்லாந்து மொத்த வணிகர் ஒருவரிடம் ஏற்கெனவே குறியிட்ட கருவிகளை வாங்குகிறார். உள்ளபடியே விற்றால் அவர் சில்லறை வணிகரே. கையொப்பம் மொத்த வணிகருடையது. ஆனால் தம் கடைப் பெயர் தெரிய வேண்டும் என்னும் ஆசையில் புதிய சீட்டு அடித்துப் பழைய சீட்டின்மேல் ஒட்டுகிறார். கீழே ஆர்சிஎம் குறி மறைந்துபோகிறது. இப்போது அந்தக் கருவிக்கு வெளியே தெரியும் பெயர் ஒன்று, உறுதியுரையில் உள்ள பெயர் வேறொன்று, குறியோ காணப்படவில்லை. ஒரு சிறிய ஒட்டுத்தாளால் முறையான பொருள் முறையற்றதாயிற்று. தீர்வு எளிதே. புதிய வணிகப்பெயரையும் மாதிரி எண்ணையும் தம் உறுதியுரையில் சேர்த்துக்கொள்ள மொத்த வணிகரை எழுத்தில் கேட்க வேண்டும். அவர் இசைந்தால் அவர் பொறுப்பு தொடரும். இசையாவிடில், சோதனை அறிக்கையின் படியைப் பெற்றுத் தாமே உறுதியுரை எழுத வேண்டும். அதையும் தர மறுத்தால் ஒட்டுத்தாளைக் கைவிடுவதே அறிவு.

பிற நாடுகள் இதே சிக்கலை வெவ்வேறு வழிகளில் அவிழ்க்கின்றன. அமெரிக்காவில் சான்று பெற்ற கருவிக்கு ஓர் அடையாள எண் உண்டு. மின்சுற்றில் மாற்றமில்லாத கருவியைப் பல வணிகப்பெயர்களில், ஒரே அடையாள எண்ணில் விற்கலாம். பெயர் மாறினும் எண் மாறாததால், யாரும் எண்ணைப் பிடித்து முதற் பொறுப்பாளரைக் கண்டுகொள்ளலாம். புதிய வணிகர் தமக்கெனத் தனி எண் வேண்டினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு வானொலிக் கருவி நெறியுரை இன்னும் கடுமையானது. ஒரு பொருளைத் தம் பெயரிலோ தம் வணிகச்சின்னத்திலோ சந்தைக்குக் கொண்டுவரும் இறக்குமதியாளரையும் பகிர்வாளரையும் அது உற்பத்தியாளராகவே கருதுகிறது. உற்பத்தியாளரின் கடமைகள் யாவும் அவர்மேல் ஏறும். இந்தியாவில் கட்டாயப் பதிவு ஆணைக்கு உட்பட்ட மின்னணுப் பொருள்களுக்கு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு தொழிற்சாலையோடும் வணிகப்பெயரோடும் பிணைக்கப்படுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பொருள் வாங்கியவர்கள் அதன் முதுகில் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பர். அந்த எண் இந்தியாவுக்குரியது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் வரும் பொருளுக்கு இங்கு அது எவ்வகையிலும் துணை நிற்காது.

இந்தியாவைப் பற்றிப் பேசும்போது வாக்கி டாக்கியைத் தவிர்க்க இயலாது. 2025 மே மாதம் இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாக்கி டாக்கி விற்ற இணைய அங்காடிகளுக்கு அறிவிப்பாணைகள் அனுப்பியது. அத்தகைய கருவிகளின் விற்பனைக்கு நெறிமுறைகளையும் வெளியிட்டது. எந்த அதிர்வெண், உரிமம் வேண்டுமா, கருவிவகை ஏற்பு உண்டா என்பவை விற்பனைப் பக்கத்தில் சொல்லப்படவில்லை என்பதே முதன்மையான குறை. இந்தியாவில் உரிமமின்றி அனுமதிக்கப்படுவது 446 மெகாஹெர்ட்ஸ் அருகே; அமெரிக்கக் குடும்ப வாக்கி டாக்கிகள் 462, 467 பகுதிகளில்; நியூசிலாந்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 476 முதல் 477 வரை. மூன்றும் பார்வைக்கு ஒன்றே. பிள்ளைகள் வைட்டாக்கரே காட்டுப்பாதையில் பேசி விளையாடுவதற்கென வெளியூரிலிருந்து கொண்டுவந்த சோடி, இங்கு உரிமம் பெற்றுப் பணம் செலுத்தி இயங்கும் வேறொருவரின் பணித் தொடர்பில் குறுக்கிடலாம். கருவியை வெளிநாட்டிலிருந்து தம் சொந்தப் பயனுக்குக் கொணர்வது விற்பனையாகாது. விவரச்சீட்டு விதி விற்பவரைப் பற்றியது. ஆனால் அதனை இயக்குவது தனிக் கேள்வி. இயக்குபவர் யாராயினும் பொது உரிமத்தின் அதிர்வெண்ணுக்கும் ஆற்றலுக்கும் கட்டுப்பட்டவரே.

சற்று வயது முதிர்ந்தோர்க்கு ஒரு நினைவு இங்கு எழக்கூடும். இந்தியாவில் 1980கள் வரை வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி உரிமம் பெற வேண்டியிருந்தது. அன்று அரசு கேட்பவரை எண்ணிக்கொண்டிருந்தது. இன்று கேட்பவரைப் பற்றிக் கவலையில்லை; அனுப்பும் கருவியை விற்பவரையே அரசு கேள்வி கேட்கிறது. பின்னைய முறையே நேர்மையானது. கருவியின் உள்ளே இருப்பதை வாங்குபவர் அறிய வழியில்லை, விற்பவர்க்கு வழியுண்டு.

வாங்குபவர் பக்கம் திரும்புவோம். ஒருவர் கடையொன்றில் குழந்தைக் கண்காணிப்புக் கருவி வாங்கினார். சில மாதங்களில் அலைக்கற்றை ஆய்வாளர் வந்து, அக்கருவியால் இடையூறு நேர்கிறது, நிறுத்துக என்கிறார் என்று கொள்வோம். நிறுத்தவே வேண்டும். போட்ட பணம்? 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் இங்குக் கைகொடுக்கிறது. சட்டப்படி இயக்கவே முடியாத கருவி, வாங்கிய நோக்கத்துக்குத் தகுதியற்றது என்று வாதிட நல்ல இடமுண்டு. முதலில் கேட்க வேண்டியது விற்ற கடையை. தொழிற்சாலை எங்கோ இருக்கிறது என்று கடைக்காரர் கைவிரிக்க முடியாது.

இச்சட்டத்தில் ‘உற்பத்தியாளர்’ என்னும் சொல்லின் வரையறை கருதத்தக்கது. பொருளைச் செய்தவர் மட்டுமன்றி, தம்மை உற்பத்தியாளர் என்று மக்களுக்குக் காட்டிக்கொள்பவரும், தம் வணிகப்பெயரையோ குறியையோ பொருளில் இடுபவரும், இட இசைபவரும் உற்பத்தியாளரே. வெளிநாட்டு உற்பத்தியாளர்க்கு நியூசிலாந்தில் வழக்கமான தொழிலிடம் இல்லையெனில், இறக்குமதி செய்பவரும் பகிர்பவரும் அவ்வாறே. மகளின் பெயரைப் பொறித்த கடைக்காரர் மூன்று வழிகளில் உற்பத்தியாளர் ஆகிவிட்டார். ஒரு திருகாணியைக்கூட அவர் முறுக்கியதில்லை. வானொலிச் சட்டமும் நுகர்வோர் சட்டமும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. பெயர் பொறித்தவரும் கொண்டுவந்தவரும் விடை சொல்லட்டும் என்பதில் இரண்டும் கைகோக்கின்றன.

கடையோடு பேசித் தீரவில்லையெனில் பிணக்குத் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கு வழக்கறிஞர் தோன்றி வாதிடும் வழக்கம் இல்லை. தம் கதையைத் தாமே சொல்ல வேண்டும். கொண்டுசெல்ல வேண்டியவை: பற்றுச்சீட்டு, பெட்டி, கருவியின் பின்புறத்துப் படம், ஆய்வாளர் எழுதித் தந்த தாள். பெட்டியைத் தூக்கி எறியும் பழக்கமுடையோர்க்கு இங்கே இடர் உண்டு. சிறு கருவிகளில் குறி பெட்டியின்மேல்தான் இருந்திருக்கும். வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் இச்சட்டங்களின் கை அங்கு எட்டுவது அரிது. விலை பாதியாக இருப்பதற்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்று.

இரண்டு வகைக் கருவிகளைத் தனியே குறிப்பிட வேண்டும். கைபேசி அலைகளை முடக்கும் கருவிகள் 2011ஆம் ஆண்டின் அறிவிக்கையால் தடைசெய்யப்பட்டவை. மண்டபத்தில் நிகழ்ச்சியின்போது தொலைபேசி ஒலிக்கக்கூடாது என்னும் நன்னோக்கத்தோடு வாங்கினாலும் தடை தடையே. வீட்டுக்குள் கைபேசி அலை குறைவு என்று சிலர் வாங்கும் அலைபெருக்கிகளும், அந்த அலைவரிசையின் உரிமையாளரான கைபேசி நிறுவனத்தின் இசைவின்றி இயக்கத் தகாதவை. இவ்விரண்டின்மேலும் எந்தக் குறி அச்சிட்டிருந்தாலும் பயனில்லை.

கடைகளில் பொருள் வாங்கும்போது கருவியைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஆர்சிஎம் அல்லது ஆர்-என்இசட் குறி தென்படுகிறதா என்று காண அரை நிமிடம் பிடிக்கும். தென்படாவிடில் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேட்கலாம்: “இதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் யார்?” பெயர் சொல்வாராயின் தொடரலாம். “கம்பெனிக்காரன் அனுப்பினான்” என்று விடை வந்தால் பணப்பையை மூடிக்கொள்ளலாம். சங்கங்களும் கோயில்களும் ஒலியமைப்பை வாடகைக்கு எடுக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டு, ஒலிவாங்கியின் அதிர்வெண்ணைக் குறித்து வைத்தல் வேண்டும். நிகழ்ச்சியின் நடுவே நாதசுரத்துக்குப் பதில் இரைச்சல் எழும்போது தேடுவதைவிட அது எளிது.

விதிகளின் முழு வாசகமும், உறுதியுரைக்கான படிவமும், இடையூறு பற்றிய முறையீட்டுப் படிவமும் அலைக்கற்றை மேலாண்மைப் பிரிவின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் உள்ளன. வீட்டில் கணினி இல்லாதோர் கிளென் ஈடன் நூலகத்தின் கணினிகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நுகர்வோர் உரிமை, தீர்ப்பாய விண்ணப்பம் ஆகியவற்றில் குடிமக்கள் ஆலோசனை மையத்தினர் இலவசமாக வழிகாட்டுவர். செல்லும்போது கருவியையும் அதன் பெட்டியையும் உடன் கொண்டுசெல்க.